பழைய கேம்பர் வேன் வாங்கிச் சரிசெய்வது: முதல்முறை இறங்குபவர்களுக்கு

பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி, ஓடவும் உள்ளே தங்கவும் ஏற்ற நிலைக்குக் கொண்டுவந்த கையோடு இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. பழைய வண்டியில் பணம் கரைவதே இந்த வரிசை தப்பும்போதுதான். முடித்த வேலையைப் பிரித்துப் போட்டு மறுபடி செய்ய நேர்ந்தால் செலவும் இரட்டிப்பு, அலுப்பும் இரட்டிப்பு. அதனால் எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் வையுங்கள். நீங்கள் விலை கொடுப்பது பாடிக்கு. இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், உள்ளே இருக்கும் மரவேலையை முழுதாகப் பெயர்த்துப் புதிதாகச் செய்யலாம். துரு தின்ற பாடியை மட்டும் நியாயமான செலவில் மீட்பது கடினம்.

1. பணத்தையும் இடத்தையும் முதலில் ஒதுக்குங்கள்

கையில் உள்ள மொத்தத் தொகையில் பாதி, மிஞ்சிப்போனால் அறுபது சதவீதம்தான் வண்டியின் விலை. மீதியைத் தொடாதீர்கள். அதில் பெரும்பங்கு முதல் சில வாரங்களிலேயே போய்விடும்: பெயர் மாற்றக் கட்டணம், வரி, காப்பீடு, தகுதிச் சோதனை, டயர், பேட்டரி, டைமிங் பெல்ட் (இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பெல்ட்), பிரேக். வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இவை வரும். உண்மையான பழுதுச் செலவு இதற்கு மேல்தான் தொடங்குகிறது.

மெத்தை, திரைச்சீலை, அலமாரி, சோலார் பேனல் போன்றவற்றைத் தனித்தாளில் எழுதிக் கடைசியில் வையுங்கள். ஆசையாக வாங்கத் தோன்றுவது இவைதான். வண்டி ஓடாமல் நின்றால் இவற்றால் ஒரு பயனும் இல்லை.

இடம் முக்கியம். வாரக்கணக்கில் வண்டியைப் பிரித்தபடி நிறுத்தி வைக்க ஓர் இடம் வேண்டும். தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜாக்கி வைக்க முடியாது. மேலே கூரை இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இடுக்குகளை அடைக்கும் சீலன்ட்டும் பெயின்ட்டும் உலர்ந்த பரப்பில்தான் ஒட்டும். விடுமுறை நாட்களில் மட்டும் வேலை செய்பவர் என்றால் ஒரு முழு சீசன் கழித்துத்தான் முதல் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணத் தேதியைக் குறித்துவிட்டு வண்டி தேடினால் அவசரத்தில் தவறான வண்டி கையில் விழும். சீசன் முடிந்த பிறகு தேடுங்கள். நிறுத்த இடமில்லாமல் விற்பவர்கள் அப்போதுதான் விலையில் இறங்கி வருவார்கள்.

2. எந்த வண்டி என்பதை உதிரிபாகம் தீர்மானிக்கட்டும்

ஃபியட் டுகாட்டோ, ஃபோர்டு டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் ஆகியவை சரக்கு வேன்களாகவும் பெருமளவில் ஓடியவை. அதனால் பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் பாகங்கள் எளிதாகக் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். அரிய மாடல் ஒன்று கண்ணைப் பறிக்கலாம். அதைப் பார்க்கப் போகும் முன் நான்கு பொருள்களைத் தேடிப் பாருங்கள்: முன்கண்ணாடி, முன்பிரேக் டிஸ்க், சைலன்சர், கதவு ரப்பர். இவற்றில் இரண்டு கிடைக்கவில்லை என்றாலே அந்த மாடல் புதியவருக்கு வேண்டாம்.

அடுத்தது பாடியின் வகை. தகர வேனுக்குள்ளேயே அறை அமைத்தது ஒரு வகை. ஓட்டுநர் கேபினுக்குப் பின்னால் மரச்சட்டமும் அலுமினியத் தகடும் வைத்துப் பெட்டி கட்டியது இன்னொரு வகை. இரண்டாவதில் இடம் தாராளம். ஆனால் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரச்சட்டம் வெளியே தெரியாமல் மட்கிப்போகும். சுவரையே பிரிக்க வேண்டிவரும். தகர வேனில் துரு கண்ணுக்குத் தெரியும், வெல்டிங் தெரிந்த யாரும் சரிசெய்வார். முதல்முறை வாங்குபவருக்கு நான் தகர வேனைத்தான் சொல்வேன்.

தொழிற்சாலையிலோ பெயர்பெற்ற பட்டறையிலோ மாற்றியமைத்த வண்டி என்றால் ஒயரிங் படமும் கேஸ் குழாய் போகும் வழியும் கையேட்டில் இருக்கும். முன்பிருந்த ஓனர் தன் கையால் செய்தது என்றால், வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அந்தப் படங்களில்தான் பார்க்க முடியும். கூரை மேலே எழும்பும் வண்டியாக இருந்தால் அதன் துணியை முழுவதும் விரித்து, மடிப்புகளில் கிழிசலும் பூஞ்சையும் உண்டா என்று பாருங்கள்.

பல பெரிய நகரங்கள் பழைய டீசல் வண்டிகளை மையப்பகுதிக்குள் விடுவதில்லை. நீங்கள் போகப்போகும் ஊர்களின் விதியை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

3. போனிலேயே கேட்டு, பேப்பர்களை முதலில் பாருங்கள்

நேரில் போகும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: பதிவுச் சான்று உங்கள் பெயரில்தான் இருக்கிறதா? கடன் பாக்கி உண்டா? கடைசித் தகுதிச் சோதனை எப்போது, அதில் என்ன குறை எழுதினார்கள்? டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, பில் இருக்கிறதா? எங்காவது ஒழுகுகிறதா? கடைசிக் கேள்விக்கு “இல்லவே இல்லை” என்று உடனே பதில் வந்தால், கூரைச் சீலன்ட் எப்போது புதுப்பித்தது என்று அடுத்ததாகக் கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

நேரில் போனதும் வண்டியைச் சுற்றி வருவதற்கு முன் பேப்பர்களைக் கேளுங்கள். சரிபார்க்க வேண்டியவை:

பதிவுச் சான்றில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். “நண்பருக்காக விற்கிறேன்” என்றால் அந்த நண்பர் நேரில் வரட்டும்.

சேசிஸ் எண்ணைச் சான்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 1980களிலிருந்து வந்த வண்டிகளில் இது பெரும்பாலும் 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. தகட்டில் ஒன்று, சேசிஸில் பொறித்தது ஒன்று என்று இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ புது வெல்டிங்கோ தெரிந்தாலும் அப்படித்தான்.

வண்டி எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது? உள்ளே படுக்கையும் அடுப்பும் இருந்தாலும் சான்றில் “சரக்கு வேன்” என்றே இருக்கக்கூடும். வரி, காப்பீடு, தகுதிச் சோதனை எல்லாம் இதைப் பொறுத்து மாறும். வகையை மாற்றச் சில இடங்களில் பொறியாளர் சான்று, எடைச்சீட்டு, கேஸ் சான்று எல்லாம் கேட்பார்கள், நாளும் பிடிக்கும். அதுபோலவே எத்தனை இருக்கைக்குப் பதிவு என்பதையும் பாருங்கள். உள்ளே ஆறு பேர் உட்காரலாம் என்பதால் ஆறு பேர் சட்டப்படி பயணிக்கலாம் என்று ஆகாது. பெல்ட் உள்ள, முறையாகப் பதிவான இருக்கைகள்தான் கணக்கு.

பழைய தகுதிச் சோதனை அறிக்கைகள் கிடைத்தால் வரிசையாக வைத்துப் படியுங்கள். கிலோமீட்டர் எண் ஏறிக்கொண்டே வருகிறதா, நடுவில் குறைந்திருக்கிறதா என்று தெரியும். ஒரே இடத்தில் துரு என்று ஆண்டுதோறும் எழுதியிருந்தால், அங்கே தற்காலிகமாகப் பூசி மெழுகியிருக்கிறார்கள் என்று பொருள். இன்னொன்று: தகுதிச் சோதனையில் தேறியது என்பது ஓடுவதற்குத் தகுதி என்று மட்டுமே. கேஸ் கசிவையும் உட்சுவர் ஓதத்தையும் வழக்கமாக அதில் பார்ப்பதில்லை.

வண்டியைப் பார்க்கும் முன் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். “இன்னொருவர் இன்று மாலை வருகிறார்” என்று சொன்னாலும் அனுப்பாதீர்கள்.

4. துருவும் ஓதமும்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். பழைய உடை, டார்ச், சிறிய காந்தம், மெல்லிய துணி, ஈரம் அளக்கும் மீட்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் பெரிய விலை இல்லை, தப்பான வண்டி ஒன்றைத் தவிர்த்தாலே அதன் விலை பல மடங்கு திரும்பிவிடும்.

துருவுக்கு முதலில் கீழே படுத்துப் பாருங்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கப் பெட்டிச்சட்டம், சக்கர வளைவின் உட்புறம், ஜாக்கி வைக்கும் இடங்கள், சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்கள், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடங்கள். இவை உறுதிக்கான இடங்கள். இங்கே துரு இருந்தால் பாதுகாப்பே போச்சு. கதவின் கீழ்விளிம்பில் கொப்பளம் இருப்பது அசிங்கம்தானே தவிர ஆபத்து இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பேரத்துக்கும் உதவும்.

அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிப்பது வழக்கமான வேலை. துணி சுற்றிய காந்தத்தைப் பாடி ஓரங்களில் நகர்த்திப் பாருங்கள். ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் வழுக்கினால் அங்கே பட்டி போட்டிருக்கிறார்கள். சிறிய பள்ளத்துக்குப் பட்டி போடுவது இயல்பு. சக்கர வளைவு முழுக்கப் பட்டியாக இருந்தால் அங்கே தகரமே இல்லை.

முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலைகள் இரண்டையும் விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். பழுப்புப் பொடி உதிர்ந்தால், கண்ணாடியைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும். ரப்பருக்கு வெளியே மூன்று சிறிய புள்ளிகளாகத் தெரிகிற துரு, கண்ணாடியை எடுத்த பின் மூலை முழுக்க ஓட்டையாக இருப்பதைப் பார்த்தேன். வெளியே தெரிவதைப்போல நான்கு மடங்கு உள்ளே இருக்கும் என்று எண்ணியே விலை பேசுங்கள்.

அப்புறம் ஓதம். பக்கக் கதவைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். ஈரமண் வாசனை வந்தால் உள்ளே எங்கோ ஈரம் நிற்கிறது. வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால் கூடுதல் கவனம் வேண்டும். கூரையில் உள்ள காற்றுத் திறப்பு (வென்ட்), ஜன்னல்களின் கீழ்மூலைகள், வெய்யில் மறைப்புச் சட்டம் திருகியுள்ள மேல்விளிம்பு, பின்விளக்குக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் மீட்டரை வையுங்கள். 15 சதவீதம் வரை கவலை இல்லை. 15 முதல் 20 வரை கவனிக்க வேண்டியது. அதற்கு மேல் போனால் தண்ணீர் இறங்குகிறது. 30ஐத் தாண்டினால் மரம் கெட்டிருக்கும் என்றே வையுங்கள்.

மீட்டர் இல்லாவிட்டால் கட்டைவிரல் போதும். நான் பார்த்த வண்டி ஒன்றில் உட்சுவர் பளபளவென்று புதுத் துணி ஒட்டி அழகாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, யாரும் துணி ஒட்டாத அந்த உள்மூலை ப்ளைவுட்டை அழுத்தியதும் விரல் நனைந்த அட்டைக்குள் இறங்குவதுபோல இறங்கியது. எந்த வண்டியானாலும் அலமாரிகளின் உள்ளே, படுக்கைப் பெட்டிகளின் அடியே, பின்மூலைகளில் அழுத்திப் பாருங்கள். அழகுபடுத்தும் கை அங்கே போவதில்லை.

5. இன்ஜினும் ஓட்டிப் பார்ப்பதும்

போய்ச் சேர்ந்ததும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள், ஆறும்வரை காத்திருங்கள். பழைய டீசல் வண்டியின் சிக்கல்கள் குளிர்ந்த நிலையில் செல்ஃப் எடுக்கும்போதுதான் தெரியும்.

புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் போகிறது, அல்லது காற்று போதவில்லை. சூடான பின்னும் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது. இன்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவம் இருந்து, கூலன்ட்டிலும் எண்ணெய் மிதந்தால் அந்தச் சந்தேகம் உறுதியாகும்.

குறைந்தது அரைமணி நேரம் ஓட்டுங்கள், அதில் ஓர் ஏற்றமும் நெடுஞ்சாலையும் இருக்கட்டும். ஏற்றத்தில் வெப்பமானி ஏறுகிறதா? மூன்றாம் கியர் தானாகக் கழல்கிறதா? பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? நீண்ட நாள் நின்ற வண்டியில் ஒரு பிரேக் இறுகிப்போவது வழக்கம். ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே கையை வைத்து, தொடாமல் வெப்பத்தை ஒப்பிட்டால் எது இறுகியது என்று தெரிந்துவிடும்.

மனதுக்குப் பிடித்துவிட்டால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டக் கூலி கொடுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

6. எடைக் கணக்கு

இதை வாங்கிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் அதிகம். பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்தில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். மொத்த அனுமதி 3,500. வெறும் வண்டி எடைமேடையில் 2,900 காட்டுகிறது என்று வையுங்கள். மீதம் 600. நான்கு பேர் 300, நூறு லிட்டர் தண்ணீர் 100, இரண்டு கேஸ் சிலிண்டர் 50, வெய்யில் மறைப்பு 30, சைக்கிள் இரண்டும் தாங்கியும் 45. துணிமணி, சாப்பாடு, கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 75 கிலோ. இதற்கு மேல் மரவேலையும் பேட்டரியும் சேர்க்க நினைத்தால் எங்கே போவது? எடை கூடினால் காப்பீடு கைவிரிக்கும், அபராதம் வரும், பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். பேரம் முடியும் முன் எடைச்சீட்டு ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. பேரம், பணம், பெயர் மாற்றம்

கண்டுபிடித்த குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பாகம் என்ன விலை, கூலி எத்தனை மணி நேரம் என்று போடுங்கள். வெல்டிங்கில் தகரத்தின் விலை அற்பம், செலவெல்லாம் கூலி நேரம்தான். “சின்ன வெல்டிங்தான், ஒரு நாள் வேலை” என்று சொன்னால், அப்படியானால் அதைச் செய்துவிட்டே விற்கச் சொல்லுங்கள்.

பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் தேதி, நேரம், கிலோமீட்டர் எண், சேசிஸ் எண், சொன்ன குறைகள், கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை எல்லாம் வரட்டும். நேரம் எதற்கு என்றால், அன்று காலை விற்பவர் வாங்கிய அபராதம் உங்கள் தலையில் விழக்கூடாது. காப்பீடு தொடங்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். காப்பீட்டு நிறுவனங்கள் பழைய கேம்பர் வேனுக்கு உள்ளேயும் வெளியேயும் எடுத்த படங்கள் கேட்பது உண்டு. வாங்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

8. முதல் பழுது: நிற்கவும் திரும்பவும் தீப்பிடிக்காமல் இருக்கவும்

வீட்டுக்கு வந்ததும் பிரேக், டயர், ஸ்டியரிங், எரிபொருள் குழாய். இந்த நான்கும் முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. கேம்பர் வேன்கள் குறைவாக ஓடுவதால் பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டுப்போகும். பத்து ஆண்டு தாண்டியதை, பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது வண்டியின் எடையைத் தாங்கும் குறியீடு உள்ளதா என்று பாருங்கள். கார் டயர் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ரப்பர் பிரேக் ஹோஸ்களை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் எரிபொருள் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றுங்கள். இது கட்டாயம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும். இன்ஜின் பின்னால் உள்ள பழைய ஃபோக்ஸ்வாகன்கள் தீப்பிடிப்பதற்குப் பெயர்போன காரணம் வெடித்த ஹோஸ்தான். எத்தனால் தாங்கும் ஹோஸும் புதிய கிளிப்பும் சேர்த்தே மலிவு, ஒரு நாள் வேலை.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றாத கணக்குதான். அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும், இன்ஜினே போய்விடும். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றும் கூலி ஒன்றுதான்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் போட்டு, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய நாள் மாலையே ஊடுருவும் எண்ணெய் அடித்து வைத்தால் மறுநாள் பாதி சண்டை இருக்காது.

9. பிறகு ஒழுகல், அதன் பிறகு துரு

ஒழுகலைக் கண்டுபிடிக்க இருவர் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே குழாயோடு. கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் தண்ணீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எது ஓட்டை என்று தெரியாது. ஈரம் தெரியும் இடத்துக்கும் ஓட்டைக்கும் ஒரு மீட்டர் இடைவெளிகூட இருக்கலாம், தண்ணீர் சட்டத்தின் மேல் ஓடி வந்து சொட்டும்.

பழைய சீலன்ட்டின் மேல் புதியதைப் பூசாதீர்கள். வென்ட்டையோ ஜன்னலையோ கழற்றி, பிளாஸ்டிக் சுரண்டியால் முழுதாகச் சுத்தம் செய்து, பிசுபிசுப்பான ரப்பர் நாடாவான பியூட்டைல் டேப் வைத்துப் பொருத்துங்கள். சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அது உரிந்து வரும், அதன் மிச்சத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது.

ஒழுகல் நின்ற பின்தான் வெல்டிங். இங்கே ஒரு பொறி உண்டு. பக்கச் சட்டத்துக்கு வெல்டிங் வைக்கும்போது அதற்குப் பின்னால் ப்ளைவுட்டும் ஃபோமும் இருந்தால் தீப்பிடிக்கும். அந்தப் பகுதியின் மரவேலையைக் கழற்றியாக வேண்டும். உட்புறத்தை முதலில் அழகுபடுத்தியவர்கள் இந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் மறுபடி பெயர்க்கிறார்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயர்களைக் கழற்றுங்கள், கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

டிங்கர் வேலைக்குக் கொடுத்தால், அழுகிய தகரத்தை வெட்டி எடுத்துப் புதியதை வைப்பதா, பழையதன் மேலேயே ஒட்டு வைப்பதா என்று முன்பே எழுதி வாங்குங்கள். இரண்டாவது வழி உள்ளே துருவை மூடி வளர்க்கும். மூடுவதற்கு முன் படம் அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பெட்டிச்சட்டத்தின் உள்ளே மெழுகு தெளிக்க மறக்காதீர்கள். நுரைத்துப் பொங்கும் ஃபோமை அதற்குள் நிரப்பவே கூடாது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

10. கேஸ்: பார்ப்பது நீங்கள், செய்வது தகுதி பெற்றவர்

நீங்கள் பார்க்கக்கூடியவை: ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதி, ரெகுலேட்டரின் வயது, சிலிண்டர் பெட்டியின் அடியில் உள்ள வென்ட் திறந்திருக்கிறதா என்பது. இந்தச் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே அடியில் உள்ள ஓட்டைகளைக் குளிர் வருகிறது என்று யாராவது அடைத்திருந்தால் உடனே திறங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் தகுதி பெற்ற கேஸ் வல்லுநரின் வேலை. அவரிடம் அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்குங்கள், காப்பீட்டுக்கும் அது தேவைப்படலாம்.

கேஸிலும் ஓடும் பழைய ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை என்றால் “குளிரூட்டும் கேஸ் நிரப்பினால் போதும்” என்பார்கள். அந்த வகையில் அம்மோனியா அடைத்து மூடியிருக்கும், வீட்டு ஃபிரிட்ஜ் போல நிரப்ப முடியாது. பின்புறம் மஞ்சள் பொடி தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. விலையில் ஒரு ஃபிரிட்ஜைக் கழித்துக்கொள்ளுங்கள்.

குளிர்ப்பகுதிக்குப் போவதானால் புரொப்பேன் வாங்குங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலிக்கும் அலாரம் ஒன்று மாட்டாமல் ஓர் இரவும் உள்ளே தூங்காதீர்கள். அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவது உயிரைப் பறிக்கும்.

11. மின்சாரம்

முதலில் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளில் மொத்தம் பத்து மணி நேரம் ஓடினால் 40 ஆம்பியர்-மணி. விளக்கு 5, மின்விசிறி 10, போன், மடிக்கணினி 15. ஆக 70. ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும் என்பதால் 140 வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் சுமார் 90 போதும், எடையும் குறைவு, விலை அதிகம். ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது.

பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் முன்பிருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஒயர் இழுத்திருப்பார்கள், ஃபியூஸ் இல்லாமல். எது எங்கே போகிறது என்று தெரியாத ஒயரை விட்டுவைக்காதீர்கள்; மல்டிமீட்டரால் தேடி, தேவையில்லாததைக் கழற்றி எடுங்கள். ஒயரின் தடிமனை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். 120 வாட் கருவி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். வீட்டு மின்சாரத்தில் அதே கருவிக்கு அரை ஆம்பியர்தான். மெல்லிய ஒயர் சூடாகும். வெளி மின்சாரம் எடுக்கும் பகுதியை எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

12. உள்ளே, கடைசியாக

இப்போது மரவேலைக்கு வரலாம். ஒரு மழைக்காலம் ஒழுகாமல் தாண்டியது என்று தெரிந்த பிறகு சுவரை மூடினால் நிம்மதி. வெப்பத்தடுப்புக்கு ஈரம் உறிஞ்சாத, மூடிய நுண்ணறை கொண்ட ஃபோம் ஷீட் நல்லது. துருவின் மேல் ஒட்டக்கூடாது. ஒயர் போகும் வழிகளைப் படம் எடுத்துவிட்டு மூடுங்கள். தண்ணீர் பம்ப், குழாய் இணைப்பு, கேஸ் வால்வு ஆகியவற்றுக்கு முன்னால் வரும் பலகை திருகில் நிற்கட்டும், பசையில் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்து, நன்றாக அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.

13. முதல் பயணம்

ஒரே ஓர் இரவு, இழுவை வண்டி எளிதில் வந்து சேரும் தூரத்தில். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளைச் சரியான முறுக்கு விசைக்கு மறுபடி இறுக்குங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடியில் எட்டிப் பாருங்கள்: ஆயில், கூலன்ட், எரிபொருள் சொட்டுகிறதா என்று. உடன் இருக்க வேண்டியவை: தீயணைப்பான், ஃபியூஸ்கள், ஹோஸ் கிளிப், ஒட்டுநாடா, டார்ச், ஸ்டெப்னியும் அதைக் கழற்றப் பொருந்தும் ஸ்பேனரும். வீட்டிலேயே ஒருமுறை ஸ்டெப்னியை மாற்றிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். பழைய வேன்களில் அதைத் தாங்கும் கூடே துருப்பிடித்து இறுகியிருக்கும்.

திரும்பி வந்ததும், எல்லாப் பொருளோடும் இன்னொருமுறை எடை போட்டுச் சீட்டை வாங்குங்கள். பில்கள், வெல்டிங் படங்கள், கேஸ் சான்று, எடைச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகையிலான காப்பீடு தருவார்களா என்று கேளுங்கள். வழக்கமான காப்பீட்டில் பழைய வேனுக்குச் சந்தை விலைதான் கிடைக்கும், நீங்கள் அதில் போட்ட உழைப்பும் பணமும் கணக்கில் வராது. இந்தக் கோப்பு வண்டிக்குள் இருக்க வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.